கோல் கைமாறும் இடம்

ஓட்டப் போட்டி என்றவுடன் தனி ஒருவரின் வேகமே நம் மனக்கண்முன் நிற்கின்றது. எண்மர் குனிந்து நிற்பர், வெடி முழங்கும், ஒருவர் மார்பை முன்னே நீட்டிக் கோட்டைத் தாண்டுவார், அவருடைய பெயர் மறுநாள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வெளிவரும். ஆயினும் பெரிய மெய்வல்லுநர் விழாக்களில் இறுதி நாளின் இறுதி நிகழ்ச்சியாக வழக்கமாக வைக்கப்படுவது தனியோட்டம் அன்று. நால்வர் சேர்ந்து ஓடும் 4×400 மீற்றர் அஞ்சலோட்டமே. கல்யாண விருந்திற் பாயசத்தைக் கடைசியிற் பரிமாறுவதுபோல, சுவையானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நாம் நினைப்பதுண்டு. அந்தச் சுவை எங்கிருந்து பிறக்கின்றது என்பதையும், அதில் நம் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு என்ன செய்தி இருக்கின்றது என்பதையும் இந்த ஞாயிற்றுக்கிழமையில் வாசகர்களோடு சற்றே பேச விரும்புகிறோம்.

2023ஆம் ஆண்டு ஜூலை மாதம் தாய்லாந்தின் பாங்கொக் நகரில் ஆசிய மெய்வல்லுநர் சம்பியன்ஷிப் போட்டிகள் நடைபெற்றன. ஆடவர் 4×400 மீற்றர் அஞ்சலோட்டத்தில் இலங்கைக்காக அருண தர்ஷன, ராஜித ராஜகருணா, பபசர நிக்கு, காலிங்க குமாரகே ஆகிய நால்வர் ஓடினர். 3 நிமிடம் 1.56 செக்கனில் ஓட்டத்தை முடித்துத் தங்கப் பதக்கத்தைத் தமதாக்கிக் கொண்டனர். அடுத்து வந்த இந்திய அணியினர் எடுத்துக்கொண்ட நேரம் 3 நிமிடம் 1.80 செக்கன். இரண்டுக்கும் இடையே இருந்தது 0.24 செக்கன், கண்ணை ஒருமுறை மூடித் திறக்கும் பொழுது. அந்த வேகத்தில் அது இரண்டு மீற்றருக்குச் சற்றே கூடிய தூரம். நால்வரும் சேர்ந்து ஓடியதோ 1600 மீற்றர். ஒன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் ஓடிய பின் ஒரு கட்டிலின் நீளத்தாற் பொன்னும் வெள்ளியும் பிரிந்தன என்றால் வியப்பாக இல்லையா?

எமது வீடு துறைமுகத்துக்கு அண்மையில் உள்ளது. அந்த ஓட்டத்தை அக்கம்பக்கத்தார் சிலரும் நாமும் ஒரு சிறிய கைத்தொலைபேசித் திரையிற் பார்த்தோம். அப்போது எமது மைத்துனர் ஒரு கேள்வியை எழுப்பினார். இந்திய அணியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ராஜேஷ் ரமேஷ் என்னும் இளைஞர் ஓடினார். இலங்கை அணியின் நால்வரில் தமிழர் ஒருவரும் இல்லை. "அங்கை ஓடுறது எங்கடை மொழி பேசுற பிள்ளை, இங்கை ஓடுறது எங்கடை நாட்டுப் பிள்ளையள். நாங்கள் ஆருக்குக் கை தட்டுறது?" என்றார் அவர். அறையில் இருந்த பெரியவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பினுள்ளே ஒரு சங்கடமும் இருந்தது. அவ்வேளையில், பாடசாலை அணியில் ஓடும் எமது மருமகன் மட்டும் கேள்வியை வேறு பக்கம் திருப்பினான். "மாமா, ஆள் ஆர் எண்டு பார்க்காதேங்கோ. கோல் மாத்துற இடத்தைப் பாருங்கோ. இந்த ரெண்டு மீற்றர் அங்கையும் போயிருக்கலாம்" என்றான்.

சிறுவனின் சொல் எம்மைச் சிந்திக்க வைத்தது. அஞ்சலோட்டத்தில் ஓடுவோர் நால்வர் என்பது யாவருக்கும் தெரியும். கோல் கைமாறும் இடங்கள் மூன்று என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த மூன்று இடங்களிலேதான் இந்த ஓட்டம் தனியோட்டத்தினின்றும் வேறுபடுகின்றது. நான்கு சிறந்த ஓட்டக்காரரை ஒரு நாடு எளிதிற் சேர்த்துவிடலாம். அவர்களுக்கிடையே உள்ள மூன்று இடங்களைச் சீர்செய்வது பெரிய வேலை.

அந்தக் கோலைப் பற்றி முதலிற் சொல்லவேண்டும். உட்பக்கம் குழலாக அமைந்த, மழமழப்பான ஒரு சிறு துண்டு அது. நீளம் 28 முதல் 30 சென்ரிமீற்றர். நிறை 50 கிராமுக்குக் குறையக்கூடாது. ஒரு கோழிமுட்டையின் நிறை என்று வைத்துக்கொள்ளலாம். ஆயினும் விதிகளின் கண்ணில் ஓட்டக்காரரைவிடக் கோலே பெரியது. 4×400 மீற்றர் ஓட்டத்திற் கோலை மாற்றுவதற்கு 20 மீற்றர் நீளமான ஓர் இடம் குறிக்கப்பட்டிருக்கும். கோல் அந்த எல்லைக்குள் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போய்ச் சேரவேண்டும். ஓடுபவரின் காலோ தலையோ எங்கே இருந்தது என்பது கேள்வியன்று; கோல் எங்கே இருந்தது என்பதே கேள்வி. கோல் தவறி விழுந்தால், தவறவிட்டவரே அதனைக் குனிந்து எடுக்கவேண்டும். மற்றவர் உதவிக்குப் பாய்ந்து வந்து எடுத்துக் கொடுக்க இடமில்லை.

ஒலிம்பிக் விழாவில் ஆடவருக்கான 4×100, 4×400 மீற்றர் அஞ்சலோட்டங்கள் இரண்டும் 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் நகரில் முதன்முதலாக நடைபெற்றன. அன்று தொட்டு இன்று வரை, வேகம் மிகுந்தவர்கள் கோலினாற் கெட்ட கதைகளும், வேகம் குறைந்தவர்கள் கோலினால் வாழ்ந்த கதைகளும் நடந்துகொண்டே இருக்கின்றன. 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் ஜப்பானிய ஆடவர் 4×100 மீற்றர் ஓட்டத்தை 37.60 செக்கனில் ஓடி வெள்ளி வென்றனர். அந்த நால்வரில் ஒருவரேனும் அதுவரை 100 மீற்றரைத் தனியாகப் பத்துச் செக்கனுக்குள் ஓடியிருக்கவில்லை. கோலைக் கீழிருந்து மேலாகக் கொடுக்கும் ஒரு முறையை அவர்கள் இடைவிடாது பயின்று, மாற்றும் இடத்தில் நேரம் சிந்தாமற் பார்த்துக்கொண்டனர். மாறாக, 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணியினர், உலகின் அதிவேக மனிதர்கள் சிலரை வைத்துக்கொண்டும், முதற் கைமாற்றத்தையே எல்லைக்குள் முடிக்க முடியாமற் போட்டியிலிருந்து நீக்கப்பட்டனர். அன்று தங்கம் கனடாவுக்குச் சென்றது.

இவ்விரு ஓட்டங்களுக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. 4×100 மீற்றர் ஓட்டத்திற் கோலை வாங்குபவர் திரும்பிப் பார்ப்பதில்லை. வருபவர் ஒரு குறியைத் தாண்டியதும் இவர் முன்னோக்கி ஓடத் தொடங்குவார். பின்னாலிருந்து குரல் வந்ததும் கையைப் பின்னே நீட்டுவார். கோல் வந்து கையில் அமரும். பார்வையில்லாக் கைமாற்றம் என்று இதற்குப் பெயர். நூறு மீற்றர் ஓடியவர் களைத்திருக்க மாட்டார். எந்த வேகத்தில் வருவார் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். ஆதலின் பார்க்கவேண்டிய தேவை இல்லை.

4×400 மீற்றரில் அந்தக் கணக்குச் செல்லாது. முழுவட்டம் ஓடி வருபவர் கடைசி ஐம்பது மீற்றரில் எந்த நிலையில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. கால்கள் ஈயமாய்க் கனக்கும், தோள்கள் மேலே ஏறிக்கொள்ளும், மூச்சுத் திணறும். ஆகவே வாங்குபவர் உடலை உள்பக்கம் திருப்பி, வருபவரைக் கண்ணால் அளந்து, அவர் களைப்புக்கு ஏற்பத் தம் ஓட்டத்தைத் தொடங்கவேண்டும். அவர் நன்றாக வந்தால் இவர் விரைந்து புறப்படலாம். அவர் தள்ளாடி வந்தால் இவர் நின்று, கையை நீட்டி, கோலைத் தாமே பற்றிக்கொள்ள வேண்டும். குறுகிய ஓட்டத்தில் திரும்பிப் பார்ப்பது பிழை. நெடிய ஓட்டத்தில் திரும்பிப் பாராதிருப்பது பிழை. எமக்கு இதைவிடப் பெரிய பாடமாக எதுவும் தோன்றவில்லை.

ஒரு வட்டம் எவ்வளவு தூரம் என்பதை அறிய நம் மாவட்டத்திலேயே ஓர் அளவுகோல் உண்டு. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர். மைதானத்து வட்டத்துக்கு நான்கு மீற்றரே குறைவு. பாலம் வருமுன்னர் அங்கே 'பாதை' என்று நாம் வழங்கும் மிதவையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். மூதூர் நோக்கிச் செல்லும் வழியில் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒரு துறையைக் கடந்தால் மறு துறை வந்து நிற்கும். ஒரு பாதையில் இறங்கி மறு பாதைக்குக் காத்திருந்த அந்தப் பயணமும் ஒருவகை அஞ்சலோட்டந்தான். வேகம் மட்டுந்தான் இல்லை! இன்று நாம் கிண்ணியாப் பாலத்தை ஆறுதலாக நடந்து கடக்க ஐந்து நிமிடம் எடுக்கின்றோம். பாங்கொக்கில் ஓடிய இளைஞர்கள் அதைவிட நான்கு மீற்றர் கூடிய தூரத்தை ஒவ்வொருவரும் சராசரியாக 45 செக்கனில் ஓடி முடித்தார்கள். பாலத்தின் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்க்கும் மாணவன், அந்த வேகத்தின் அருமையை உணர்வான்.

கைமாற்றம் பற்றிப் பேசும்போது எமது துறைமுகமே நினைவுக்கு வருகின்றது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் புகழப்படும் இது, எத்தனை கைகளுக்கு மாறியது! 1624ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். 1639இல் ஒல்லாந்தர் அதனைப் பிடித்தனர். 1782ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஆங்கிலேயர் கைப்பற்ற, அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் பறித்தனர். பின்னர் ஒல்லாந்தரிடம் மீண்டு, 1795இல் மறுபடியும் ஆங்கிலேயரிடம் போயிற்று. 1957ஆம் ஆண்டிலேதான் பிரித்தானியக் கடற்படை தன் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தது. முன்னூறு ஆண்டுக்கு மேலாக நடந்த மாற்றங்களிற் பெரும்பாலானவை கொடுத்து வாங்கியவை அல்ல; பறித்தவை. பறிக்கப்பட்ட பொருளில் முன்னையோரின் உழைப்பு அடுத்தவருக்குச் சேராது. மனமொத்துக் கொடுக்கும் கையும், மதித்து வாங்கும் கையும் சந்திக்கும்போதே முன்னவர் ஓடிய தூரம் பின்னவருக்குச் சொந்தமாகின்றது.

இதனை நாம் நூலிற் படித்துச் சொல்லவில்லை. எமக்கு மாலை வேளைகளில் நகரத்து மைதானத்தின் ஓரமாக நடக்கும் பழக்கம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், அயல் மாவட்டங்களும் பங்குகொண்ட ஓர் அழைப்புப் போட்டிக்காக நான்கு இளைஞர்கள் அங்கே பயிற்சி பெற்றார்கள். ஒருவன் மூதூர், ஒருவன் கிண்ணியா, ஒருவன் உப்புவெளி, ஒருவன் கந்தளாய். கந்தளாய்ப் பையனின் தாய்மொழி சிங்களம். மற்ற மூவருக்கும் தமிழ். ஓய்வு பெற்ற விளையாட்டு ஆசிரியர் ஒருவர் சம்பளம் வாங்காமற் பழக்கினார்.

முதல் வாரத்தில் அவர்கள் குறுகிய அஞ்சலோட்டத்தைப் பழகினார்கள். கோலைக் கொடுக்கும்போது எந்தச் சொல்லாற் குரல் கொடுப்பது என்று ஒரு வழக்கு எழுந்தது. 'கை' என்றான் ஒருவன். 'அத' என்றான் கந்தளாய்ப் பையன். சிங்களத்தில் அத என்றாலும் கைதான். இரண்டு நாள் இழுபறி. ஈற்றில் ஆசிரியர், "ரெண்டும் வேண்டாம். 'ஆ' எண்டு கத்துங்கோ. அடிபட்டால் எல்லாரும் அப்பிடித்தானே கத்துறது" என்று தீர்ப்புச் சொன்னார். பையன்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அடுத்த வாரம் 4×400 மீற்றருக்கு வந்தபோது, "இதுக்குச் சத்தமே தேவையில்லை. வாறவன்ரை முகத்தைப் பாருங்கோ. மிச்சத்தை அவன்ரை முகம் சொல்லும்" என்றார். இரு மொழி பேசும் நாட்டில் எத்தனையோ குழுக்களும் அறிக்கைகளும் சொல்லத் திணறிய ஒன்றை அந்த முதியவர் புற்றரையில் நின்றபடி சொல்லிவிட்டார் என்று எமக்குத் தோன்றியது.

போட்டி நாளன்று நாமும் போயிருந்தோம். ஆறு அணிகள் ஓடின. உப்புவெளிப் பையன் முதல் வட்டத்தை நன்றாகவே ஓடி, இரண்டாவதாகக் கோலைக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டாம் வட்டத்தில் மூதூர்ப் பையன் முதல் இடத்தையே எட்டிப் பிடித்தான். கூட்டம் ஆரவாரித்தது. கடைசி வளைவைக் கடந்து நேர்ப்பாதைக்கு வந்ததும் அவனுடைய வலது கெண்டைக்காலிலே தசை பிடித்துக்கொண்டது. ஒரு காலை இழுத்து இழுத்து வந்தான். ஒருவர் பின் ஒருவராக நால்வர் அவனைத் தாண்டிப் போனார்கள்.

மூன்றாம் வட்டத்துக்கு நின்றவன் கந்தளாய்ப் பையன். அருகில் நின்ற மற்ற அணிப் பையன்கள் கோலை வாங்கிக்கொண்டு பறந்துவிட்டார்கள். இவன் முன்னே ஓடவில்லை. மாற்றும் இடத்தின் தொடக்கக் கோட்டுக்கே பின்வாங்கி வந்து, எல்லையைத் தாண்டாமல், உடலை வளைத்துக் கையை எட்டுமட்டும் நீட்டிக்கொண்டு நின்றான். கண் மூதூர்ப் பையனின் முகத்தை விட்டு அகலவில்லை. கோல் எல்லைக் கோட்டைத் தாண்டிய மறுகணமே அதனைப் பற்றிக்கொண்டு பாய்ந்தான். மற்றவன் அந்த இடத்திலேயே விழுந்தான். கந்தளாய்ப் பையனும் கிண்ணியாப் பையனும் உயிரைக் கொடுத்து ஓடி, ஐந்தாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்கு அணியைக் கொண்டுவந்தார்கள். பதக்கம் இல்லை, சான்றிதழும் இல்லை.

ஓட்டம் முடிந்ததும் மூதூர்ப் பையன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கந்தளாய்ப் பையன் அவன் பக்கத்திற் குந்தியிருந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "கோல் கொண்டு வந்தது தானே மச்சான். விழுத்த இல்லை தானே" என்றான். இலக்கணம் சற்றே நொண்டியது. பொருள் நேராக நடந்தது.

இனி, இக்கட்டுரையின் பாரமான பகுதிக்கு வருகின்றோம். அந்த நால்வரும் இன்று எங்கே? மூதூர்ப் பையன் தகப்பனாரின் வள்ளத்திற் கடலுக்குப் போகிறான். கிண்ணியாப் பையன் கத்தாரிலே வேலை செய்கிறான். உப்புவெளிப் பையன் படிப்பை முடித்து ஒரு கடையிற் கணக்கெழுதுகிறான். மூவரும் நேர்மையாக உழைத்து வாழ்கிறார்கள். அதிற் குறைசொல்ல எதுவுமில்லை. ஆனால் மூவரும் ஓட்டத்தைப் பாடசாலை வாசலிலே விட்டுவிட்டார்கள். கந்தளாய்ப் பையன் இராணுவத்திற் சேர்ந்து அங்குள்ள அணியில் இன்றும் ஓடுகிறான். நாட்டின் முன்னணி ஓட்டக்காரர் பலர் முப்படை அணிகளிலே பயிற்சி பெறுபவர்கள். உணவும் சம்பளமும் பயிற்சியாளரும் மைதானமும் அங்கே ஒருங்கே கிடைக்கின்றன. அந்த வாசல் நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இயல்பாகத் திறக்கும் வாசலன்று. அதன் காரணங்களை இம்மாவட்டத்து வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்கத் தேவையில்லை.

ஆகவே, பாங்கொக் அணியில் நம்மவர் ஏன் இல்லை என்ற கேள்விக்கு, நம் பிள்ளைகளின் காலில் வேகம் இல்லை என்பது விடையாகாது. 1958ஆம் ஆண்டு ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில், உயரம் பாய்தலில் இலங்கைக்கு ஆசிய விழாக்களின் முதலாவது தங்கத்தைப் பெற்றுக் கொடுத்தவர் யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் என்பதை மாணவர்கள் அறிவார்களாக. நம் பிள்ளைகள் பதினெட்டு வயது வரையும் நன்றாகவே ஓடுகிறார்கள். பாடசாலையின் இல்ல விளையாட்டுப் போட்டி, வலயப் போட்டி, மாகாணப் போட்டி என்று ஒரு முழு வட்டத்தைச் சுற்றி வருகிறார்கள். பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரையுள்ள அந்த இருபது மீற்றர் இடத்துக்கு, கையிற் கோலுடன், களைத்து வந்து சேருகிறார்கள். அங்கே வாங்குவதற்கு ஒரு கை நீட்டப்பட்டிருக்கவில்லை. கோல் அங்கேதான் விழுகின்றது.

அந்தக் கையை யார் நீட்டுவது? அரசாங்கம் நீட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு இருந்துவிடலாம். அது நியாயமான கோரிக்கைதான். ஆனால் நம் ஊர்களிற் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. விளையாட்டுக் கழகங்கள் இருக்கின்றன. கடல்கடந்து வாழும் உறவினர் மணிமண்டபங்களுக்கும் வாசற்கோபுரங்களுக்கும் பணம் அனுப்புகிறார்கள். பாடசாலையை விட்ட ஓர் ஓட்டக்காரனுக்கு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு சோடிச் சப்பாத்தும், நாளொன்றுக்கு இரண்டு முட்டையும், கொழும்புக்குப் போய்வரப் பஸ் செலவும், மாலையில் மூன்று மணித்தியாலம் விடுப்புத் தரக்கூடிய ஒரு வேலையும் கிடைக்குமானால், கோல் நிலத்தில் விழாது. இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. வருபவனைத் திரும்பிப் பார்க்கும் கண் வேண்டும்.

சிறிய இடத்திலிருந்து என்ன வந்துவிடப் போகிறது என்று சிலர் கேட்கலாம். 2025ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ரோக்கியோவில் நடைபெற்ற உலக சம்பியன்ஷிப் போட்டியில், கொட்டும் மழையிலே, ஆடவர் 4×400 மீற்றர் தங்கத்தை வென்றது பொற்சுவானா. ஏறக்குறைய 25 இலட்சம் மக்களே வாழும் நாடு அது. 2 நிமிடம் 57.76 செக்கனில் ஓடி அமெரிக்காவைப் பின்தள்ளியது. இந்த ஓட்டத்தில் உலகப் பட்டம் பெற்ற முதல் ஆபிரிக்க நாடும் அதுவே. வெற்றியைக் கொண்டாட அந்நாட்டில் ஒரு நாள் பொது விடுமுறை விடப்பட்டது. இலங்கையின் கதையும் நேற்றுத் தொடங்கியதன்று. 1974ஆம் ஆண்டு தெஹ்ரானில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் 400 மீற்றர்த் தங்கத்தை விமலதாச வென்றார். அதே விழாவில் 4×400 மீற்றர் அஞ்சலோட்டத் தங்கமும் இலங்கைக்கே கிடைத்தது. பாங்கொக் வெற்றிக்கும் அதற்கும் இடையே 49 ஆண்டுகள். இத்தனை காலமும் யாரோ கோலை நிலத்தில் விழாமற் கொண்டுவந்திருக்கிறார்கள்.

எமது மைத்துனரின் கேள்விக்கும் இங்கேயே விடை கூறிவிடலாம். அதே 2023ஆம் ஆண்டு ஓகஸ்டில் புடாபெஸ்ட் நகரில் நடைபெற்ற உலக சம்பியன்ஷிப் தகுதிச் சுற்றில், முகம்மது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகம்மது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் ஆகியோர் 2 நிமிடம் 59.05 செக்கனில் ஓடி அன்றைய ஆசியச் சாதனையை ஏற்படுத்தினர். ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா தங்கம் பெற்றது. இலங்கை வெண்கலம் பெற்றது. மலையாளம் பேசும் கையிலிருந்து தமிழ் பேசும் கைக்குக் கோல் மாறியபோது ஓட்டம் தடைப்படவில்லை. மொழியால் உறவான ஒருவன் நன்றாக ஓடினால் மகிழ்வது குற்றமன்று. நாட்டால் உறவான நால்வர் வென்றால் மகிழ்வதும் குற்றமன்று. கை தட்டுவதற்கு இறைவன் இரண்டு கைகளைத் தந்திருக்கிறான். ஒரு கையால் ஓசை எழாது. நம் பிள்ளை ஒருவனும் அந்த நால்வரில் நிற்கும் நாளில், கை தட்டுவதற்கு முன் யோசிக்கவேண்டிய தேவையும் இராது.

பெற்றோர்களுக்கும் இந்த ஓட்டம் மூன்று செய்திகளைச் சொல்லுகின்றது. கோலைக் கொடுக்கப் போகிறோம் என்று எண்ணி, மாற்றும் இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறைக்கலாகாது. கை நிரம்பும் வரையும் ஓடவேண்டும். கொடுத்த பின் கோலைப் பிடித்துக்கொண்டிருக்கலாகாது. பிள்ளையின் கை பற்றிய பின்னும் விடாத பெற்றோர் இருவரையும் விழுத்துவார்கள். கொடுத்து முடித்ததும் குறுக்கே ஓடி மற்றவர் வழியை மறிக்கலாகாது. பாதை வெளிக்கும் வரை தம் இடத்திலேயே நின்று, பிறகு விலகவேண்டும் என்பது விதி. மாப்பிள்ளை வீட்டிலும் மருமகள் வீட்டிலும் இந்த மூன்றாவது விதியை எழுதித் தொங்கவிட்டால் எத்தனையோ குடும்பங்கள் நலமாக இருக்கும்!

மாணவச் செல்வங்களுக்கு ஒன்றே ஒன்று. நீங்கள் முன்னோக்கி ஓடப் பிறந்தவர்கள், அதில் ஐயமில்லை. ஆயினும் உங்களிடம் வந்து சேரும் ஒவ்வொரு பொருளும், அது கல்வியாயினும், தொழிலாயினும், வீடாயினும், ஒரு முழுவட்டம் ஓடிக் களைத்த ஒருவர் கொண்டுவருவது. தகப்பனாரின் தோள் ஏறியிருக்கும். தாயாரின் மூச்சு வாங்கும். அவர்கள் மெதுவாக வருகிறார்கள் என்று முகம் சுளித்துக்கொண்டு நீங்கள் முன்னே புறப்பட்டுவிட்டால், வேகம் உங்களுடையதாக இருக்கலாம். கோல் உங்கள் கையில் இராது. கோலில்லாமல் முதலில் வந்தவனுக்கு இந்த ஓட்டத்தில் இடமே கிடையாது.

மாலை வேளைகளில் திருகோணமலையின் மைதானங்களில் இன்றும் பிள்ளைகள் ஓடுகிறார்கள். சுண்ணாம்பாற் போட்ட கோடுகளைக் கடற்காற்றும் மழையும் அழிக்க, மறுநாள் யாரோ புதிதாக இழுக்கிறார்கள். அவர்களில் ஒருவன் அடுத்த ஆண்டு பாடசாலையை விட்டு வெளியே வருவான். கையிற் கோல் இருக்கும். அவன் வந்து சேரும் கோட்டருகில் நாம் யாராவது ஒருவர், உடலைத் திருப்பி, அவன் முகத்தைப் பார்த்து, கையை நீட்டி நிற்போமாக.